இருநூற்று ஐம்பத்தைந்துக்கு அப்பால்

நோர்ஷோப்பிங்கில் மூன்றாம் எண் ட்ராம் ஓட்டுகிறேன்.
மஞ்சள் வண்டி.
வேலை முடிந்து வந்தால் மேசையில் இன்னொரு வண்டி:
இருபத்து நான்கு புள்ளி நீளம், பதினாறு புள்ளி உயரம்.
அதுவும் மஞ்சள்தான். வண்ண எண் ஏழு.

நவம்பர்ச் சந்தையில் வாங்கிய கணினி.
ஒரு ஜோடி பனிச்சறுக்குக் காலணியோடு சேர்த்து
முந்நூறு க்ரோனர்.
காலணி காலுக்குச் சேரவில்லை.
கணினியின் பெயர் கோர்ப், அண்டங்காக்கை.
பழசு மாதிரி செய்த புதுசு, எட்டு பிட்.
போட்டால் ஒரு நீலத் திரை, கண் சிமிட்டும் ஒரு கட்டம்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
மீதியெல்லாம் கையேட்டில்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கம்பிச் சுருள் கோத்தது.
அச்சு ஆங்கிலம். ஓரத்தில் ஸ்வீடிஷ் பென்சில்,
முன்பு வைத்திருந்தவர் யாரோ.
"இங்கே கவனம்."
"இது பொய்யில்லை, நானே செய்து பார்த்தேன்."
காபி வட்டம் ஒன்று, அதற்குள் ஒரு கூட்டல் கணக்கு.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பென்சில் நிற்கிறது.
அதற்குப் பிறகு வெறும் அச்சு.

எனக்குப் பிடித்த கட்டளைகள் இரண்டு.
ஏற்று. இறக்கு.
ஓர் எண்ணை ஏற்று, ஒரு முகவரியில் இறக்கு.
பதினேழு வருடமாக வேறென்ன செய்கிறேன்.
ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று
அட்டவணை போட்டிருக்கிறார்கள்.
நான்கு; பக்க எல்லை தாண்டினால் ஐந்து.
நியாயமான கட்டணம்.

வண்டி கிளம்பியது.
திரையின் அகலம் முந்நூற்று இருபது.
இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஒழுங்காகப் போனது,
அடுத்த அடியில் இடது ஓரத்தில் நின்றது,
ஒன்றுமே நடக்காததுபோல்.
பதினோரு இரவு.
கடைசி நிறுத்தத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை.
பணிமனையில் சிக்ஸ்டனிடம் சொன்னேன்.
"பயணிகள் புகார் கொடுத்தார்களா?" என்றான்.

எட்டு பிட்டுக்கு எட்டாத தூரம் அது
என்று எனக்கும் தெரியும்.
ஒன்பதாவது பிட் எங்கே என்றுதான் தெரியவில்லை.
எண்பத்தெட்டாம் பக்கத்தை இருபது முறை புரட்டியிருப்பேன்.
அங்கே ஒரு முகவரி; பக்கத்திலேயே பென்சில்:
"நிறத்துக்கானது. தொட வேண்டாம்."
நானும் தொடவில்லை.

பன்னிரண்டாம் இரவு, வெளியே மழையும் பனியும் கலந்து கொட்ட,
பென்சிலைக் கையால் மறைத்துக்கொண்டு
அச்சை மட்டும் படித்தேன்.
"கிடைமட்ட இருப்பிடத்தின் மேல் பிட்."
முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது, கறுப்பாக.
ஒரு மனிதர் கைப்பட எழுதியது என்பதாலேயே
பொடி எழுத்து அச்சை நான் நம்பாமல் போனேன்.

ஒன்றை ஏற்று. அங்கே இறக்கு.
வண்டி போனது,
இருநூற்று ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு,
வலது ஓரத்தில் மூக்கு மறைந்து, வால் மறைந்து.
மேல்வீட்டு குன்னெல் தரையைத் தட்டினாள்.
கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
நினைவட்டையில் அவருடைய நிரல் ஒன்று கிடந்தது.
வாங்கிய அன்று பார்த்து மூடியது:
ஒரு பறவை பறக்கிறது, சுவரில் மோதுகிறது, திரும்புகிறது.
திரையின் நடுவாந்தரத்தில் ஏன் சுவர் என்று
அன்று சிரித்தேன்.
திறந்து எண்ணிப் பார்த்தேன்.
சுவர் நிற்பது இருநூற்று ஐம்பத்தைந்தில்.
செங்கல் செங்கலாக, நிழல்கூட விழுகிறது.
அந்தச் செங்கல்லுக்கு எத்தனை இரவு ஆகியிருக்கும்.

சுவரை எடுத்தேன். மேல் பிட்டைச் சேர்த்தேன்.
பறவை தாண்டிப் போனது.
முந்நூற்று நாற்பத்து நான்கிலிருந்து ஐந்நூற்றுப் பதினொன்று வரை
அது திரைக்கு வெளியே பறக்கும், எண்கள் மட்டும் கூடும்.
கொஞ்ச நேரம் வெறும் நீலம்.
அப்புறம் இடப்பக்கம் அலகு தெரியும்.

சேமிக்கப் போனால் கணினி கேட்கிறது:
பழையதன் மேல் எழுதவா?
எண்பத்தெட்டாம் பக்கத்துப் பென்சிலை அழிக்கவும் மனமில்லை.
கீழே "இல்லை" என்று மட்டும் எழுதினேன், பேனாவால்.
கேள்வியைத் திரையிலேயே விட்டுவிட்டு
நாலு நாற்பது வண்டிக்குக் கிளம்பினேன்.
தண்டவாளத்தில் உப்புத் தூவியிருந்தார்கள்.